ஃபோர்மெண்டேராவின் நீலமும் ஒரு புல்லும்

ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் பெரியவை நான்கு. அவற்றில் கடைக்குட்டி ஃபோர்மெண்டேரா. அதன் வடமுனையில் மெல்லிய நாக்காக நீளும் செஸ் இல்லெதெஸ் கடற்கரையின் படத்தைப் பார்த்தால், யாரோ கணினியில் வண்ணம் ஏற்றிவிட்டார்கள் என்றே தோன்றும். கரையோரம் பச்சை கலந்த இளநீலம். சற்றுத் தள்ளிக் கருநீலத் திட்டுகள். அந்தத் திட்டுகளைப் பாறை என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அவை கடலடிப் புல்வெளிகள்.

முதலில் தண்ணீரின் தெளிவு. மத்தியதரைக் கடலில் மழையாலும் ஆறுகளாலும் வந்து சேரும் நீரைவிட ஆவியாகிப் போகும் நீர் அதிகம். பற்றாக்குறையை ஈடுகட்ட, ஜிப்ரால்டர் நீரிணை வழியே அட்லாண்டிக்கின் மேல்மட்ட நீர் உள்ளே வருகிறது. அதில் சத்து குறைவு. உப்பேறிக் கனத்த அடிமட்ட நீரோ, சத்துகளையும் சுமந்துகொண்டு அதே வழியாக வெளியேறுகிறது. நல்லதைக் கொடுத்துவிட்டு நீர்த்ததை வாங்கும் வியாபாரம்தான். உரமில்லாத கடலில் நுண்பாசிகள் பெருகுவதில்லை, நீர் கலங்குவதில்லை. சூரிய ஒளியின் சிவப்பைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ள, மிச்சமுள்ள நீலத்தையும் பச்சையையும் அடியிலுள்ள வெண்மணல் திருப்பி அனுப்புகிறது.

அந்த மணல் எங்கிருந்து வந்தது? ஃபோர்மெண்டேராவில் மணலைக் கொண்டுவந்து கொட்ட ஆறே கிடையாது. இங்கேதான் பொசிடோனியா வருகிறது. பாசி வகை அல்ல. வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் உள்ள கடற்புல். இங்கே வளரும் இனம் (பொசிடோனியா ஓசியானிகா) மத்தியதரைக் கடலைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. தெளிந்த நீரில் சுமார் 40 மீட்டர் ஆழம் வரை வளரும். ஒரு விரல் அகல நாடா போன்ற இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால், முதிர்ந்த பகுதியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். சுண்ணப் பாசிகளும் ஃபொராமினிஃபெரா போன்ற நுண்ணுயிர்களும் கட்டிய ஓடுகள் அவை. இலை உதிரும்போது ஓடுகளும் நொறுங்கி, புல்வெளியில் வாழும் சிப்பி, நத்தைகளின் துண்டுகளோடு கலந்து மணலாகின்றன. நீரில் மிதக்கும் துகள்களைப் பிடித்துப் படியவைப்பதும் இதே இலைகள்தான்.

இலையுதிர்காலத்தில் சருகுகள் கரையில் பழுப்பு மேடாகக் குவியும். பார்க்க அசிங்கம், வாடையும் உண்டு. சுற்றுலாப் பயணிகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் குளிர்காலப் புயலலையின் அடியை வாங்கிக்கொள்வது அந்த மேடுதான். எந்திரம் வைத்து அள்ளினால் சருகோடு மணலும் சேர்ந்தே போகும். பழைய தலைமுறை இதை வீணாக்கவில்லை: காய்ந்த சருகைக் கூரையில் பரப்பி வெயிலைத் தடுத்தார்கள்.

பக்கத்துத் தீவான இபிசாவுக்கும் ஃபோர்மெண்டேராவுக்கும் இடைப்பட்ட புல்வெளிகளை 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே சுமார் 8 கி.மீ. தூரத்துக்கு மரபணு மாறாத ஒரே செடி பரவியிருப்பதை 2006-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதன் தண்டு பக்கவாட்டில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும். ஒரு சொகுசுப் படகின் நங்கூரச் சங்கிலி ஒரே பிற்பகலில் பெயர்த்தெடுக்கும் பள்ளம் மூடப் பல பத்தாண்டுகள் ஆகும். 2018-இல் பலேரிக் அரசு புல்வெளிமேல் நங்கூரம் போடுவதைத் தடைசெய்தது. இப்போது படகுகள் மணல்திட்டு தேடி நங்கூரம் இறக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கென வைத்த மிதவைகளில் கட்டிக்கொள்ள வேண்டும்.