துணைக்கு வருபவரை வாசலில் நிறுத்தினால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செவித்திறன் நிபுணராக வேலை பார்க்கிறேன். இங்குள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து வரும் வயதான தமிழர்கள் பலர் மகளையோ பேரனையோ அருகில் வைத்துக்கொண்டுதான் டாக்டரிடம் பேசுவார்கள். 2020 மார்ச் 27-ல் கொரோனா ஊரடங்கு தொடங்கிய பிறகு, நோயாளிக்கு மட்டும் அனுமதி என்று பல இடங்களில் கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள். தொற்றைத் தடுக்க அது தேவைதான். ஆனால் காது கேளாதவரின் துணையை வெளியே நிறுத்தினால் டாக்டர் சொல்வது பாதி போய்ச் சேராது.

மே 1 முதல் பொது இடங்களில் மாஸ்க் கட்டாயமானது. அதில் உதடு மறைகிறது. ச, ஸ போன்ற கூர்மையான ஒலிகளும் மங்குகின்றன. வயதாகும்போது முதலில் கேட்காமல் போவதும் இவைதான். சரி, கத்திப் பேசினால்? சத்தம் கூடும், தெளிவு கூடாது. எதிரே நின்று நிதானமாகப் பேசுவதே மேல். காதில் மாட்டும் மாஸ்க்கைக் கழற்றும்போது காதுக்கருவியும் சேர்ந்து விழுந்து தொலையும். தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடும் மாஸ்க் வாங்குங்கள்.

காது கேளாதோர் எல்லோரும் முதியவர்கள் அல்ல. மருந்துக்கு மசியாத காசநோய்க்குப் போட்ட கனமைசின் ஊசியால் கேட்கும் திறனை இழந்த இளையோரும் இங்கே உண்டு. 2018-ல்தான் தென்னாப்பிரிக்கா அதற்குப் பதிலாக பெடாகுவிலின் மாத்திரைக்கு மாறியது. பேச்சு வந்தபின் செவி போனவர்களில் பலருக்குச் சைகை மொழி தெரியாது. எழுதிக் காட்டுங்கள்.

2021 ஏப்ரலில் 60 வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசிப் பதிவு தொடங்கியபோது விவரம் குறுஞ்செய்தியில் வந்தது. காது கேளாதவருக்கு நல்லது, பார்வையற்றவருக்குத் தொல்லை. ஒரே வழி எல்லோருக்கும் பொருந்தாது.

அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்காமல் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை, 'எனக்குக் காது கேட்காது, எழுதிக் காட்டவும்'. நர்ஸ் படிக்க ஆங்கிலத்தில் இருக்கட்டும். உதிரி பேட்டரியும் எடுத்துக்கொள்ளுங்கள். துணையை விடாவிட்டால் பொறுப்பு நர்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2007-ல் தென்னாப்பிரிக்கா ஏற்றிருக்கிறது. பேரிடர்க் காலத்திலும் அவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது அதன் 11-வது பிரிவு. அப்போதும் முடியாது என்றால், டாக்டர் பேசும்போது துணையை வீடியோ காலில் சேர்க்கச் சொல்லுங்கள்.