வலி காலிலிருந்து இடுப்புக்கு ஏறினால் நல்ல சேதி

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றுபவர்கள் முறத்தை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்தால், இலை வெட்டித் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டுவதிலேயே பொழுது சாய்ந்துவிடும். அத்தனை நேரமும் முதுகு முன்னால் வளைந்தே இருக்கும். ஒருநாள் எழுந்திருக்கும்போது இடுப்பில் சுருக்கென்று பிடிக்கிறது. இரண்டு நாளில் பிட்டம், பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை ‘நரம்பு இழுக்குது’. வாய்வு என்று பூண்டு தின்பார்கள். அதனால் கெடுதல் இல்லை. காலால் பிறந்தவரைக் கூப்பிட்டு இடுப்பை மிதிக்கச் சொல்வதுதான் வேண்டவே வேண்டாம்.

வலிப்பது கால், கோளாறு முதுகில். கீழ்முதுகிலிருந்து இறங்கும் ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்ததுதான் சியாடிக் நரம்பு, உடம்பிலேயே தடித்தது. வேர் ஒன்று சீண்டப்பட்டால் மூளைக்கு அது கால்வலியாகவே தெரியும். எந்த வேர் என்பதையும் காலே சொல்லிவிடும். கால் கட்டைவிரலை மேலே தூக்க வலுவில்லை என்றால் பெரும்பாலும் எல்-5 என்ற வேர். நுனிக்காலில் எழும்ப முடியாமல் சுண்டுவிரல் ஓரம் மரத்துப்போனால் அதற்குக் கீழுள்ள எஸ்-1 வேர்.

சீண்டுவது பெரும்பாலும் முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க், ஊர்ப்பேச்சில் ஜவ்வு. நுங்கைக் கட்டைவிரலால் அழுத்தினால் நீர் எதிர்ப்பக்கம் பீய்ச்சும் அல்லவா? முன்னால் குனிந்தே இருக்கும்போது டிஸ்க்கின் உட்கூழும் அப்படித்தான் பின்னால் தள்ளப்படுகிறது. வெளிநார் கிழிந்து அது பிதுங்கினால் நரம்பை நசுக்குவதோடு நிற்பதில்லை. கூழில் உள்ள ரசாயனங்கள் நரம்பில் அழற்சியையும் கிளப்பும். ஆனால் பிதுங்கியதை உடம்பின் நோயெதிர்ப்பு அணுக்களே மெல்ல மெல்லத் தின்று கரைக்கின்றன. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் கத்தியில்லாமலே தேறுவது அதனால்தான்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘டிஸ்க் பல்ஜ்’, அதாவது டிஸ்க் புடைப்பு, என்று பார்த்ததும் ஆடிப்போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்து 1994-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான்.

இந்த வலிக்கான பிசியோதெரபிக்கு வழிகாட்டியது ஒரு தற்செயல். 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில், காலில் வலியோடு வந்த ஒருவர் தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் குப்புறப் படுத்துவிட்டார். இடுப்பு பின்னால் வளைந்தபடி சில நிமிடம் கிடந்தார். திரும்பி வந்த பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி பதறிப்போனார். நோயாளியோ கால்வலி போய்விட்டது என்றார். வலி பாதத்திலிருந்து கெண்டைக்கு, அங்கிருந்து தொடைக்கு, பிறகு இடுப்புக்கு என்று பின்வாங்கினால் தேறுவதற்கான அறிகுறி என்பது அதிலிருந்து பிறந்த பாடம். அப்போது இடுப்புவலி சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட எதுவரை வலிக்கிறது என்பதைத்தான் பிசியோதெரபிஸ்ட் கேட்பார்.

பாயில் குப்புறப் படுத்து முதலில் முழங்கையை ஊன்றுவது, பிறகு கையை நீட்டி நெஞ்சை மட்டும் தூக்குவது, இடுப்பு பாயிலேயே கிடப்பது: பத்துத் தடவை. வலி மேலே ஏறினால் தொடரலாம், கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியே உங்களுக்கு ஆகாது. வயதானவர்களுக்குத் தண்டுவடப் பாதை குறுகி வரும் கால்வலியில் கணக்கு தலைகீழ். குனிந்தால் சுகம், நிமிர்ந்தால் வேதனை. அவர்களை நிமிரச் சொன்னால் கூடுதலாகத்தான் வலிக்கும். அதனால் பரிசோதிக்காமல் செல்போன் வீடியோ பார்த்துச் செய்வது சரியில்லை.

வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பதும் தப்பு. நடக்க வேண்டும். பீடி வேலையை விட முடியாதவர்கள் மணைப்பலகைமேல் உட்கார்ந்து, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னால் நாலைந்து தடவை வளையலாம்.

நடக்கையில் செருப்பு தானாக நழுவுகிறது, பாதம் தொங்குகிறது என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப்போனாலோ பயிற்சியெல்லாம் கிடையாது. நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கே போய்விட வேண்டும்.