பத்து லட்சத்தில் 24: இலையின் வரவும் செலவும்

ஒளிச்சேர்க்கை என்றதும் பள்ளிச் சோதனைதான் நினைவுக்கு வரும்: நீர்த்தாவரம், கவிழ்த்த புனல், மேலேறும் ஆக்சிஜன் குமிழிகள். நிலத்துச் செடியின் இலையில் ஆக்சிஜனை அளப்பது அவ்வளவு சுலபமல்ல. காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 2,10,000 ஆக்சிஜன். அதில் இருபது கூடினால் யார் கண்ணில் படும்? கரியமில வாயுவோ சுமார் 420தான். அதில் இருபது குறைந்தால் பளிச்சென்று தெரியும். அதனால்தான் கருவிகள் இதையே எண்ணுகின்றன.

இலையைப் பறிக்காமலே ஒரு சிறு அறையில் கவ்விப் பிடித்து, அதன் வழியே குறித்த வேகத்தில் காற்றைச் செலுத்துகிறார்கள். உள்ளே போகும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் அகச்சிவப்புக் கதிர் பாய்கிறது. 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தைக் கரியமில வாயு விழுங்கிவிடும். வாயு குறைந்தால் கூடுதல் ஒளி மறுமுனைக்கு எட்டும். அகச்சிவப்பை விழுங்கும் இந்தக் குணமே புவியையும் சூடாக்குகிறது.

6 சதுர செ.மீ. இலை, நொடிக்கு 500 மைக்ரோமோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) காற்று, அதில் கரியமில வாயு 24 பிபிஎம் (பத்து லட்சத்தில் 24) குறைவு என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு நொடிக்கு 20 மைக்ரோமோல் கரியமில வாயுவை இலை எடுக்கிறது. இது நிகரக் கணக்கு. இலை சுவாசித்து வெளியேற்றியது போக மீதி. நம் மூச்சில் இந்த வாயு சுமார் 40,000 பிபிஎம். காற்று உறிஞ்சும் குழாயருகே ஒரு பெருமூச்சு விட்டால் போதும், கணக்கு கெட்டுவிடும்!

எனக்குப் பிடித்தது இனிதான். அதே கருவி நீராவியையும் அளக்கிறது. கரியமில வாயு நுழையும் இலைத்துளை வழியாகத்தான் நீராவி வெளியேறுகிறது, அதுவும் 1.6 மடங்கு எளிதாக. எனவே வெளியேறும் நீராவியையும் இலையின் வெப்பநிலையையும் கொண்டு துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணித்துவிடலாம். அதிலிருந்து, யாரும் எட்டிப் பார்க்க முடியாத இலையின் உள்ளறைகளில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இந்த எண் இல்லாவிட்டால் வாடும் செடியின் நோய் புரியாது. ஒளிச்சேர்க்கை குறையும்போது உள்ளே வாயுவும் குறைந்திருந்தால், துளை மூடியதே காரணம்; வறட்சியின் தொடக்கத்தில் பெரும்பாலும் இதுதான். உள்ளே வாயு தாராளமாக இருந்தும் வேலை நடக்கவில்லையா? வாசல் திறந்துதான் இருக்கிறது, உலைதான் மந்தம்: கரியமில வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதியிலோ ஒளியைப் பயன்படுத்தும் பகுதியிலோ கோளாறு. அது எது என்றறிய, கொடுக்கும் வாயுவைப் படிப்படியாகக் கூட்டி வரைபடம் போடுவார்கள். தொடக்கத்தில் கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது ருபிஸ்கோவைக் காட்டும். பின்னர் கோடு தட்டையாகும் இடம் ஒளிவினைகளின் எல்லை. 1980இல் ஃபார்குவார், வான் கேமரர், பெர்ரி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் தந்த சமன்பாடுகளே இன்றும் இதற்கு அடிப்படை.

பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கவ்வியதும் இலைத்துளைகள் புதிய நிலைக்குப் பழகப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் குறித்த எண்ணை நம்பக்கூடாது.