ரீல் டப்பாவில் புளிப்பு வாடையா? தள்ளிப்போடாதீர்கள்

பிரான்ஸில் 1930களில் தொடங்கிய வானொலித் தொடர் 'துராத்தோன் குடும்பம்'. சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு சாதாரணக் குடும்பம் பேசும் பேச்சுதான் நிகழ்ச்சி. 1939லும் 1955லும் அது நகைச்சுவைப் படமாக வந்தது. குடும்பம் ஒன்றானாலும் பிலிம் வேறு. 1939ன் 35 மி.மீ. பிரதி நைட்ரேட் என்ற, எளிதில் தீப்பற்றும் பிலிம்: தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணையாது, ஆகவே எல்லோரும் பயந்து பாதுகாக்கிறார்கள். 1955 காலத்தது அசிட்டேட் என்ற, எளிதில் தீப்பற்றாத பிலிம். ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அலட்சியமாக விட்டுவிடுகிறோம். அழிவது அதுதான்.

ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அசிட்டேட்டிலிருந்து அசிட்டிக் அமிலம் பிரியும். வினிகர் வாடை அதனால்தான். அந்த அமிலமே சிதைவை மேலும் முடுக்கிவிடும். 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் புதிய பிலிமே சுமார் 40 வருடம்தான் தாங்கும்.

மூக்கை மட்டும் நம்பாதீர்கள். அமிலத்துக்கு நிறம் மாறும் ஏ-டி சோதனைத் தாளை டப்பாவுக்குள் வைத்து, அறை வெப்பத்தில் ஒரு நாள் மூடிவையுங்கள். தாளின் நீலம் மாறாவிட்டால் நல்லது. பச்சையானால் சிதைவு தொடங்கிவிட்டது. மஞ்சளானால் உடனே நகலெடுக்க வேண்டும். வாடையுள்ள சுருளைத் தனி அறைக்கு மாற்றுங்கள், அமில ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். துருப்பிடித்த தகர டப்பாவை மாற்றி, காற்றோட்டமுள்ள பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் வையுங்கள்.

சிதையும் பிலிம் நீளத்தில் சுருங்கும், ஆகவே அடுத்து அது எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். திரையிடும் 35 மி.மீ. பிரதியில் 100 ஓரத்துளைகளின் நீளம் 475 மி.மீ. இருக்க வேண்டும். 471க்கு வந்துவிட்டால் புரொஜெக்டரில் ஏற்றவே கூடாது. பற்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். பற்சக்கரம் இல்லாத ஸ்கேனர்தான் வழி.

வானொலியில் பிறந்த படத்துக்குப் பேச்சுதான் உயிர். படத்தின் நெகட்டிவ், ஒலி நெகட்டிவ் இரண்டும் தனித்தனிச் சுருள்கள். முதலாவதைப் பத்திரப்படுத்திவிட்டு இரண்டாவதை மறப்பது அடிக்கடி நடக்கிறது, மன்னிக்க முடியாத தவறு அது. சுருங்கிய ஒலித்தடத்தில் குரல் நடுங்கும், உதட்டசைவோடும் ஒட்டாது. ஒவ்வொரு சுருளுக்கும் தனியாகச் சோதனைத் தாள் வையுங்கள்.

ஸ்கேன் செய்யத் தாமதமாகும் என்றால் ஈரம் புகாத உறையிட்டு உறைகுளிரில், சுமார் மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே விட்டு அறை வெப்பத்துக்கு வந்தபின் திறந்தால் பிலிமில் நீர் படியாது.