"அது அவங்க கலர், டீச்சர்"

சுதந்திர தினத்துக்கு நாலைந்து நாள் இருந்தது. நான்காம் வகுப்பு. தேசியக் கொடியின் கோட்டுப்படத்தை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, கலர் பென்சில் டப்பாவை நடுவில் வைத்திருந்தேன். அரை மணி நேரத்தில் எல்லாத் தாளும் என் மேசைக்கு வந்துவிட்டது. ஒரு பையனின் தாளில் மட்டும் நடுவில் இருக்க வேண்டிய வெள்ளையோடு இன்னொரு பட்டையும் வெள்ளையாகவே கிடந்தது.

பென்சில் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். கொஞ்ச நேரம் குனிந்தபடி நின்றுவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அது அவங்க கலர், டீச்சர்."

அவனுக்கு ஒன்பது வயது. எந்த நிறம் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவன் எந்தச் சாதி, 'அவங்க' எந்தச் சாதி என்று எங்கள் பக்கத்து ஆட்கள் உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள். அவன் கையில் ஒரு கயிறு இருந்தது. அவன் அண்ணன் கட்டிவிட்டது. அண்ணனுக்கு யாரோ கட்டிவிட்டிருப்பார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் ஆசிரியராக இருக்கும் யாருக்கும் இந்தக் கயிறுகள் புதிதல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக அமைத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்றவற்றைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்று அந்தக் குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பரிந்துரைத்தது. ஆனால் இதைப் பற்றி ஆசிரியர்கள் நாங்கள் கூடிப் பேசும்போதெல்லாம் பேச்சு மேல்நிலைப் பள்ளியோடு நின்றுவிடுகிறது. தொடக்கப்பள்ளியை 'சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்' என்று விட்டுவிடுகிறோம். தெரிகிறது. ஒன்பது வயதிலேயே தெரிகிறது. நாட்டைப் பற்றிய முதல் பாடமும் அதே வயதில்தான் தொடங்குகிறது. இரண்டும் ஒரே தாளில் வந்து மோதியதைத்தான் அன்று பார்த்தேன்.

அந்தக் கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டிப்போடும் ஆசிரியர்கள் உண்டு. நான் செய்வதில்லை. வெட்டினால் மறுநாள் அது பாக்கெட்டில் வரும், வாசல் தாண்டியதும் கைக்கு ஏறும். அவன் அம்மாவை வரச் சொன்னேன். "அது கோயில் கயிறுதான் டீச்சர்" என்றார். "கோயில் கயிறுன்னா சரிம்மா, சாமி எல்லாருக்கும் ஒண்ணுதானே, எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டிவிடுங்க" என்றேன். அவர் பேசவில்லை. அவர் வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியும், அந்தத் தெருவில் ஒரு பெண் தனியாக நின்று பிள்ளையின் கயிற்றை அவிழ்த்துவிட முடியாது.

சரி, கொடிக்கு வருகிறேன். இதில் நம் பக்கமும் தவறு இருக்கிறது. காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு என்று எத்தனையோ வகுப்பறைகளில் இன்றும் சொல்லிக் கொடுக்கிறோம். நானும் அப்படித்தான் படித்தேன், வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருஷம் அப்படியே சொல்லியும் கொடுத்தேன். கொடியின் பழைய வடிவத்துக்கு அப்படி ஒரு விளக்கம் இருந்தது உண்மை. ஆனால் 1931-லேயே நிறங்களுக்கு மதப்பொருள் இல்லை என்று காங்கிரஸ் தெளிவாக்கிவிட்டது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை இன்றைய கொடியை ஏற்றபோது, சபையில் பேசிய ராதாகிருஷ்ணன் காவியைத் துறவுக்கும், வெள்ளையை உண்மையின் ஒளிக்கும், பச்சையை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவுக்கும் பொருத்தினார். நிறத்தை ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக் கொடுப்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் 'ஒரு நிறம் ஒரு கூட்டத்துக்குச் சொந்தம்' என்ற எண்ணத்தைப் பிள்ளையின் மனசில் முதலில் போடுவது அதுதான். கயிறு அதற்குமேல் சுலபமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மறுநாள் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனேன். பள்ளிக்குப் பின்னால் கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல்கள். அந்த வருஷம் கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள், பயிர் இடுப்பளவு நின்றது. கொடியில் இருக்கிற நிறமெல்லாம் இங்கே எங்கே இருக்கிறது, தேடுங்கள் என்றேன். பச்சைக்குத் தேட வேண்டியதே இல்லை. வெள்ளைக்குக் கொக்கைக் காட்டினார்கள். காவிக்குத்தான் திணறினார்கள். அப்புறம் ஒரு பெண் தன் பின்னலை முன்னால் இழுத்து, தலையில் இருந்த கனகாம்பரத்தைக் காட்டினாள். "இந்தக் கனகாம்பரம் யாரு கலர்?" என்று கேட்டேன். "அது பூ டீச்சர்!" என்று எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

இந்தக் கால்வாய்க்கு ஏன் கன்னடியன் என்று பேர் என்று கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர், தனக்குக் கிடைத்த பொருளையெல்லாம் செலவழித்து வெட்டிய கால்வாய் என்று ஊரில் வழங்கும் கதையைச் சொன்னேன். வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்று பிரிப்பது இருக்கட்டும். தாமிரபரணித் தண்ணீர் நம் வயலுக்கு வரும் வழிக்கு நம் முன்னோர்கள் ஒரு வெளியூர்க்காரரின் பேரை வைத்து இன்றுவரை சொல்கிறார்கள். வேற்றுமையில் ஒற்றுமை என்று கரும்பலகையில் எழுதிப் போடுவதைவிட இது பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. தேடினால் இப்படி நிறையக் கிடைக்கும். வெளியூர்க்காரர்களுக்கு நாம் பெருமையாக வாங்கிக் கொடுக்கிற அல்வாவின் பேரே அரபிச் சொல். பத்தமடைப் பாய்க்கு ஆற்றங்கரைக் கோரை, அதை நெய்கிறவர்கள் அந்த ஊர் முஸ்லிம் குடும்பங்கள், அந்தப் பாய் நம் வீட்டுக் கல்யாணங்களில் சீராகப் போகிறது. வீரவநல்லூரில் சௌராஷ்டிர மொழி பேசும் நெசவாளர்கள் இருக்கிறார்கள். பாடப்புத்தகத்தின் பஞ்சாபி பாங்ரா நடனப் படத்துக்கு முன்னால் இதெல்லாம் வர வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. என் தவறிலிருந்தே சொல்கிறேன். 'நம்மைச் சுற்றி' என்ற பாடத்துக்காக ஒருமுறை, உங்கள் வீடும் தெருவும் உள்ள வரைபடம் போட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் தெருப் பேரைக் கேட்டாலே சாதி தெரியும். பிள்ளைகள் அழகாக வரைந்து, பேரெழுதி, சுவரில் ஒட்டினார்கள். மூன்றாம் நாள் மதிய இடைவேளையில் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் அதன் முன்னால் நின்று, எவன் எந்தத் தெரு என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றே கழற்றிவிட்டேன். அதிலிருந்து தெரு, குலதெய்வம், வீட்டில் கறி சமைப்பார்களா, அப்பாவின் தொழில் என்ன, இவற்றை வகுப்பில் பொதுவாகக் கேட்பதில்லை. 'பன்முகம்' என்ற பேரில் பிள்ளையின் சாதியை நாமே வெளியே இழுத்துப் போட்டுவிடக் கூடாது. பிள்ளை தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன், அவ்வளவுதான்.

மாறுவேடப் போட்டி இன்னொன்று. முன்பு மலையடிவாரத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். சுதந்திர தின விழாவில் ஒரு பையனுக்கு உடம்பெல்லாம் கரி பூசி, இடுப்பில் இலை கட்டி, கையில் ஈட்டி கொடுத்து 'பழங்குடியினர்' என்று மேடையேற்றினார்கள். எல்லோரும் கைதட்டினோம். முன்வரிசையில் ஒரு காணிக்காரப் பிள்ளை எல்லோரையும் போலச் சீருடையில், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு உட்கார்ந்திருந்தாள். அகத்தியமலைக் காட்டில் காலங்காலமாக வாழ்கிற மக்கள் அவர்கள். அன்று மிட்டாய் வாங்க அவள் வரவில்லை. நான் தேடிப்போனபோது சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கழித்தும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. ஒரு மக்களை வேஷமாக மாற்றும்போது அந்த மக்களில் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறாரா என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டாலும் யோசியுங்கள்.

இப்போது என் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். பிள்ளைகள் அவளை 'இந்திக்காரி' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வீட்டில் பேசுவது ஒடியா. 'வடக்கே எல்லாரும் இந்தி' என்பது பிள்ளைகள் நம்மிடம் கற்றது. இந்திதான் நம் தேசிய மொழி என்று ஆசிரியர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அரசியலமைப்பில் தேசிய மொழி என்று எந்த மொழியும் இல்லை. 343-வது பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறது. எட்டாவது அட்டவணையில் தமிழும் ஒடியாவும் உட்பட 22 மொழிகள் இருக்கின்றன.

தினமும் காலையோ மாலையோ தேசிய கீதம் பாடுகிறோம், 52 விநாடி. என்ன பாடுகிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒருநாள் அதிலுள்ள ஊர்ப்பேர்களை மட்டும் எழுதி, சுவரில் இந்திய வரைபடத்தைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாகத் தேடினோம். சிந்து எங்கே என்று வந்தபோது, நாடு இரண்டாகப் பிரிந்ததில் அந்தப் பகுதி பாகிஸ்தானுக்குப் போனது, ஆனால் சிந்தி பேசும் மக்கள் இங்கேயும் இருக்கிறார்கள், அவர்கள் மொழியும் அந்த 22-இல் ஒன்று என்று சொன்னேன். மறைக்க அதில் ஒன்றுமில்லை. 'திராவிட' வந்ததும் "நம்ம நம்ம!" என்று கத்தினார்கள். அடுத்தது 'உத்கல'. வகுப்பு முழித்தது. அந்தப் பிள்ளை கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, வரைபடத்தில் கிழக்குக் கடற்கரையில் கை வைத்து, "எங்க ஊரு" என்றாள். தேசிய கீதத்தில் அவள் ஊரும் நம் ஊரும் பக்கத்தில் பக்கத்தில் வருவதை அன்றுவரை நானே கவனித்திருக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வரியில் அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது.

அந்தப் பையனின் தாள் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. வயலுக்குப் போய்வந்த அன்று மதியம் அதைத் திருப்பிக் கொடுத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், பக்கத்துப் பையனிடம் தாளைத் தள்ளினான். அவன் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியும். "ஏல, இத மட்டும் நீ அடிச்சிரு." அது விலக்குவதா, கூட்டிக்கொள்வதா என்று எனக்கு இன்றும் தெளிவாகவில்லை. கயிறும் கையில்தான் இருந்தது. பக்கத்துப் பையன் எதுவும் கேட்காமல் அந்தப் பட்டையை அழுத்தி அழுத்தித் தீட்டிக் கொடுத்தான். பிறகு இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட, நடுச் சக்கரத்தின் ஆரங்களை எண்ணினார்கள்.

"இருபத்துமூணுதாம்ல இருக்கு."

"ஒழுங்கா எண்ணு. இருபத்துநாலு."

ஜெராக்ஸில் ஒரு ஆரம் மங்கியிருந்தது. நீலப் பென்சிலைத் தேடி எடுத்து அதை வரைந்தார்கள்.