கேமரா என்றால் அறை

போன மழைக்காலத்தில் படம் எடுக்கப் பழக வேண்டும் என்று ஆசை வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு யூடியூபில் பாடம் பார்க்க ஆரம்பித்தேன். மூன்றாவது வீடியோவிலேயே சிக்கிக்கொண்டேன். அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐஎஸ்ஓ என்று மூன்றையும் ஒரு முக்கோணத்தின் முனைகளில் எழுதி, இது புரிந்தால் எல்லாம் புரிந்த மாதிரி என்றார் அந்த ஆசிரியர். எனக்கு முக்கோணம் மட்டும் புரிந்தது. வேறொருவரிடம் போனேன்; அவரும் அதே முக்கோணத்தைத்தான் வரைந்தார். கடைசியில் எனக்கு வழி விட்டது அகராதி. கேமரா என்ற சொல்லைத் தேடிப் பார்த்த அன்றுதான் அந்த மூன்றும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.

கேமரா லத்தீன் சொல். வளைந்த கூரை போட்ட அறை என்று பொருள். கிரேக்கத்தில் 'கமாரா' என்று இருந்ததை லத்தீன் எடுத்துக்கொண்டது. படம், ஒளி, கருவி எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. வெறும் அறை.

அந்த அறை நம் கைக்கு வந்த வழி இது. கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்த இருட்டறையின் சுவரில் ஒரு சின்னத் துளை இருந்தால், வெளியே இருக்கும் காட்சி எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். ஒளி நேர்கோட்டில் போவதால் மேலே இருந்து வருவது துளை வழியே கீழே போகிறது, கீழே இருந்து வருவது மேலே போகிறது, அவ்வளவுதான். ஹம்பி விருபாட்சர் கோயிலுக்குப் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். அங்கே ஓர் இருண்ட அறையின் சுவரில் ராஜகோபுரம் தலைகீழாக விழுகிறது. வழிகாட்டிகள் அதை அதிசயம் போலக் காட்டுவார்கள். அதிசயம்தான், ஆனால் பள்ளியில் அட்டைப் பெட்டியில் செய்த ஊசித்துளைக் கேமராவும் அதே அதிசயம்தான்.

11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் இருந்த அறிஞர் இப்னு அல்ஹைதம் இருட்டறையில் ஒளியைச் சோதித்து விரிவாக எழுதினார். 1544 ஜனவரியில் வந்த சூரிய கிரகணத்தை கணித அறிஞர் கெம்மா ஃபிரிசியஸ் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லூவனில் இப்படி ஓர் அறைக்குள் இருந்தபடியே பார்த்து, அடுத்த வருடம் அதைப் படம் வரைந்து வெளியிட்டார். கண் கெடாமல் கிரகணம் பார்க்க இதைவிட நல்ல வழி அப்போது இல்லை. அந்த அறையை ஆளுக்கொரு பெயரில் அழைத்தார்கள். 1604இல் வானியலாளர் யோஹன்னஸ் கெப்ளர், ஒளியியல் பற்றிய தன் நூலில் 'கேமரா ஒப்ஸ்கூரா' என்று எழுதினார். ஒப்ஸ்கூரா என்றால் இருண்ட. ஆக, இருட்டறை. அந்தப் பெயர் நின்றுவிட்டது.

அதே நூலில் இன்னொரு சொல்லையும் அவர் தந்தார்: ஃபோகஸ். லத்தீனில் அதற்கு அடுப்பு என்று பொருள். வில்லை, அதாவது லென்ஸ், வழியாக வெயிலைக் குவித்தால் காகிதம் பற்றிக்கொள்ளும் இடத்துக்கு அடுப்பு என்று பேர் வைப்பது நியாயம்தானே. தமிழ்ப் பாடநூல்களில் அதைக் குவியம் என்றார்கள். ஒளி குவிகிற இடம். மூலச் சொல்லில் சூடு தெரிகிறது, நம் சொல்லில் வேலை தெரிகிறது. எனக்கு நம்முடையதே பிடிக்கிறது.

கெப்ளரிடம் இருந்தது அறைகூட இல்லை, கூடாரம். 1620இல் லின்ஸ் நகரில் அவரைச் சந்தித்த ஆங்கிலத் தூதர் ஹென்றி வாட்டன், வயலில் நட்டுச் சுழற்றக்கூடிய ஒரு கறுப்புக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து சுற்றியுள்ள நிலக்காட்சியை அவர் வரைவதாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அறை கூடாரமாகி, அப்புறம் ஓவியர்கள் தூக்கிப்போகும் பெட்டியானது. பெட்டி சிறுத்த பிறகும் பெயர் அறைதான். 1826 அல்லது 1827இல் பிரான்சில் நிசெஃபோர் நியெப்ஸ், தார் பூசிய ஒரு தகட்டை அந்தப் பெட்டிக்குள் வைத்து, தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கூரைகளைப் பதித்தார். பெட்டி குறைந்தது 8 மணி நேரம் திறந்திருந்தது. காலை வெயிலும் மாலை வெயிலும் அந்த ஒரே படத்தில் இருக்கின்றன.

பிறகு 'ஒப்ஸ்கூரா' உதிர்ந்து போய் வெறும் கேமரா மிஞ்சியது. செல்லுலர் போன் நம் வாயில் செல் ஆன மாதிரி. வேடிக்கை என்னவென்றால், விட்டது இருட்டை, வைத்துக்கொண்டது அறையை. இருட்டு இல்லாமல் அந்த அறையால் ஒரு பயனும் இல்லை.

சரி, இப்போது அந்த முக்கோணத்துக்கு வருவோம். கேமராவை அறை என்று நினைத்துக்கொண்டால் மூன்றும் வீட்டுச் சாமான்கள்.

அப்பர்ச்சர் என்பது சுவரில் உள்ள துளை. ஒளித்துளை என்று சொல்லலாம். துளை என்றாலே போதும். புதிதாக வருகிறவரைக் குழப்புவது அதன் எண். எஃப் 2 என்றால் பெரிய துளை, எஃப் 16 என்றால் சின்னத் துளை. எண் கூடினால் ஏன் துளை சுருங்குகிறது? யாரும் நேரே சொல்வதில்லை, மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அது எண்ணே இல்லை, பின்னம். லென்சிலிருந்து குவியம் வரை உள்ள தூரம் குவியத்தொலைவு; துளையின் அகலம் அதில் எத்தனையில் ஒரு பங்கு என்பது கணக்கு. 50 மில்லிமீட்டர் குவியத்தொலைவுள்ள லென்சில் எஃப் 2 என்றால் அதில் பாதி, அதாவது 25 மில்லிமீட்டர் அகலத் துளை. எஃப் 8 என்றால் எட்டில் ஒரு பங்கு, 6 மில்லிமீட்டரும் கொஞ்சமும். இதற்குத் தமிழில் பழைய பெயர்களே இருக்கின்றன. எஃப் 2 அரை, எஃப் 4 கால், எஃப் 8 அரைக்கால், எஃப் 16 வீசம். அரையைவிட வீசம் சின்னது என்று எந்தப் பாட்டிக்கும் தெரியும். அரையிலிருந்து காலுக்குப் போனால் அகலம் பாதியாகிறது, பரப்பு கால்பங்காகிறது. வெளிச்சமும் கால்பங்குதான் வரும். வெளிச்சத்தைச் சரிபாதி ஆக்கத்தான் நடுவில் 2.8 என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. துளை பெரிதாக இருந்தால் குவியத்தில் உள்ள முகம் மட்டும் தெளிவாக நின்று பின்னால் இருப்பது கலங்கும்; சிறிதானால் முன்னும் பின்னும் சேர்ந்து தெளியும். பெரும்பாலான போன்களில் இந்தத் துளை மாறாது. போர்ட்ரெய்ட் மோடில் பின்னணி கலங்குவது பெரும்பாலும் மென்பொருள் போடும் கணக்கு.

ஷட்டரைப் பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. காலையில் கடைக்காரர் தூக்குவதும் இரவில் தடதடவென்று இழுத்து விடுவதும் அதுதான். ஆங்கிலத்திலும் முதலில் ஜன்னலை மூடும் பலகைக் கதவுக்குத்தான் அந்தப் பெயர். நியெப்ஸின் கடை பகல் முழுக்கத் திறந்திருந்தது; நம்முடையது விநாடியில் 125இல் ஒரு பங்கு திறந்து மூடுகிறது. திறந்திருக்கும் நேரத்தில் ஓடுகிற குழந்தை ஓடிக்கொண்டுதான் இருக்கும், படத்தில் அது இழுபட்டுத் தெரியும்.

ஐஎஸ்ஓ மட்டும் வீட்டுச் சொல் இல்லை. தரங்களை வகுக்கிற பன்னாட்டு அமைப்பின் பெயர் அது. நம் கணக்கில் அது எதிர்ச் சுவரின் குணம்: கொஞ்சம் ஒளியையே நிறைய என்று எடுத்துக்கொள்கிற சுபாவம். ஃபிலிம் காலத்தில் டப்பா மேல் 100, 400 என்று அச்சடித்திருக்கும், ரோல் முடியும்வரை மாற்ற வழியில்லை. இப்போது படத்துக்குப் படம் மாற்றலாம். கூட்டினால் படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி விழும்.

இனி சொந்தக்காரர்கள். லத்தீன் கேமரா பிரெஞ்சில் தேய்ந்து ஆங்கிலத்தில் சேம்பர் ஆனது. வக்கீல் சேம்பர் அந்த வழி. அடுக்குமாடிக் குடியிருப்பில் அடைத்துக்கொள்கிற சாக்கடைச் சேம்பரும் அந்த வழிதான், என்ன செய்வது. ஸ்பானியத்தில் ஒரே அறையில் தங்குகிறவரைக் குறித்த சொல் ஆங்கிலத்துக்குப் போய் காம்ரேட் ஆயிற்று. நம் தோழர்கள் மேடையில் ஒருவரையொருவர் அழைப்பது அறைத்தோழர் என்றுதான். நீதிமன்றத்தில் 'இன் கேமரா' விசாரணை என்று செய்தியில் வரும். வீடியோ எடுக்கிறார்கள் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். நேர் எதிர்: பொதுமக்களை விலக்கி, மூடிய அறைக்குள் நடக்கும் விசாரணை அது.

போர்த்துகீசியர் கொண்டுவந்த 'காமரா' நம் பக்கத்திலேயே குடியிருக்கிறது. இந்தியில் கம்ரா என்றால் அறை, சிங்களத்தில் காமரய. இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீட்டின் அறை 'லயன் காம்பரா'. அந்தக் காம்பராவுக்குள் நின்று ஒருவர் செல்ஃபி எடுத்தால், ஒரே சொல் கையிலும் இருக்கிறது, சுற்றிலும் இருக்கிறது.

தமிழில் எப்படி எழுதுவது? கேமரா, கேமிரா, காமிரா, இலங்கையில் கமரா. ஆங்கிலத்தின் முதல் உயிரொலிக்கு நம்மிடம் எழுத்து இல்லாததால் வந்த தடுமாற்றம் இது. பேங்க், பாங்க் கதைதான். எது எழுதினாலும் தப்பில்லை, ஒரே கட்டுரையில் இரண்டும் வராமல் இருந்தால் போதும்.

தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் ஒளிப்படக் கருவி. ஃபோட்டோகிராஃபி என்பதற்கு கிரேக்கத்தில் ஒளியால் வரைதல் என்று பொருள். ஆகவே ஒளிப்படம் நேராகப் பொருந்தும். புகைப்படம் பழகிய சொல், புகை மட்டும் பொருந்தவில்லை. நிழற்படத்தைச் சிலர் தவறு என்கிறார்கள், ஒளியல்லவா படம், நிழலா என்று. அவர்கள் அவசரப்படுகிறார்கள். பழந்தமிழில் நிழல் என்பதற்கு எதிருருவம் என்றும் ஒளி என்றும்கூடப் பொருள் உண்டு. சுவரில் விழுகிற கோபுரத்துக்கு அதைவிட நல்ல சொல் எனக்குத் தோன்றவில்லை.

சிக்கல் 'கருவி'யில். எதற்கும் பின்னால் ஒட்டவைக்கலாம் என்பதால் அது எதையும் சொல்வதில்லை. தொலைநோக்கி, நுண்ணோக்கி போல இகரத்தில் முடித்து 'படமி' என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். சுருக்கமாக இருக்கிறது, முதல் தடவை கேட்கிறவருக்குத்தான் விளங்காது. மூலப் பொருளுக்கு மிக நெருங்கியது படப்பெட்டி. பெட்டி என்பது சின்ன அறைதானே. ஆனால் சினிமாக் கொட்டகைக் காலத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெட்டி என்றால் ஃபிலிம் சுருள் வருகிற பெட்டி. அது வந்தால்தான் முதல் காட்சி ஓடும். அந்த நினைவு போகிறவரை படப்பெட்டிக்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஆகவே எழுத்தில் ஒளிப்படக் கருவி, பேச்சில் கேமரா என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் இருட்டறை என்பேன். ஸ்டூடியோவில் ஃபிலிம் கழுவும் டார்க் ரூமோடு அது குழம்பும் என்று ஒரு நண்பர் சொன்னார். இப்போது எந்த ஸ்டூடியோவில் ஃபிலிம் கழுவுகிறார்கள்?

புதிதாகக் கற்கிறவர்கள் வீடியோவை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு இதைச் செய்து பாருங்கள். வெயில் நன்றாக அடிக்கும் மதியம், தெருவைப் பார்த்த ஜன்னலைக் கறுப்பு அட்டையால் இடுக்கில்லாமல் அடைத்து, நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவு துளை போடுங்கள். எதிரே வெள்ளைச் சுவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகப் பத்து நிமிடம் ஆகும். எங்கள் வீட்டில் முதலில் தெரிந்தது எதிர்வீட்டு நீலத் தண்ணீர்த் தொட்டி, தரைப் பக்கம். அதற்கு மேலே தெரு. கூரையை ஒட்டித் தலைகீழாக ஒரு சைக்கிள் போனது.