பேச்சு வைத்தியம் யாருக்குப் பலிக்கும்?

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர் தன் தங்கையைப் பற்றி எழுதியிருக்கிறார். தங்கைக்குப் பாரிமுனையில் வேலை. தேரடியில் மெட்ரோ ஏறினால் காலடிப்பேட்டை, டோல்கேட், புதுவண்ணாரப்பேட்டை வரை ஒரு தொந்தரவும் இல்லை. மேலே ஓடும் ரயில், ஜன்னலில் வெயில். அதற்கு அப்புறம் பாதை தரைக்குள் இறங்கித் தண்டையார்பேட்டை நிலையத்துக்குப் போகிறது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் அந்த இறக்கத்தில் அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, மூச்சு முட்டியது, விரல்கள் மரத்துப்போயின. செத்துவிடுவோம் என்றே நினைத்தாராம். ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்றோடு மெட்ரோ நின்றது. ஆறு மாதத்தில் கூட்டமான பஸ்ஸும் நின்றது. அம்மா கையில் தாயத்து கட்டிவிட்டார். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக வைத்திருக்கும் நகரம் இது. மனநல மருத்துவரிடம் போவதற்கு இரண்டு வருடம் பிடித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

மருத்துவர் இப்போது வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரம் பேச்சு சிகிச்சை என்று சொல்லியிருக்கிறார். பயப்படும் இடத்துக்கே படிப்படியாகப் போய்ப் பழகுவதும் அதில் சேரும். அண்ணன் கேட்பது இதுதான்: "லீவு, பணம், அலைச்சல் எல்லாம் போட்ட பிறகு பலிக்கவில்லை என்றால்? ரத்தப் பரிசோதனை மாதிரி, இவளுக்கு இது வேலை செய்யுமா என்று முன்னாலேயே சொல்ல முடியாதா?"

நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் பதற்றக் கோளாறுகளுக்கும் மனச்சோர்வுக்கும் 2008 முதல் அரசே பெரிய அளவில் பேச்சு சிகிச்சை தருகிறது. சிகிச்சையை முடிப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் குணமடைந்தவர்கள் என்ற கணக்கில் வருகிறார்கள். மீதிப் பேரில் ஒரு பகுதியினருக்கு ஓரளவு தேறுகிறது, மற்றவர்களுக்குப் பெரிய அசைவு இல்லை. தன் தங்கை எந்தப் பாதியில் என்று அண்ணன் கேட்கத்தான் செய்வார். அதற்குப் பதில் சொல்ல, இந்தச் சிகிச்சை மூளைக்குள் என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பாவ்லோவின் நாயைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஓசை கேட்டதும் சோறு வரும் என்று பழகிய நாய், வெறும் ஓசைக்கே எச்சில் ஊறவிட்டது. சோறில்லாமல் ஓசையை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். பாடப்புத்தகம் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறது. பாவ்லோ நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மறுபடி ஓசை எழுப்பினார். எச்சில் திரும்பி வந்தது! அப்படியானால் பழைய பாடம் அழிந்திருக்கவில்லை. அதன் மேல் இன்னொரு பாடம் ஏறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

பயத்துக்கும் இதே கதை. "சுரங்கம் என்றால் ஆபத்து" என்ற பாடம் அமிக்டலா என்ற பாதாம் கொட்டை அளவு பகுதியில் பதிந்திருக்கிறது. சிகிச்சை அதைச் சுரண்டி எடுப்பதில்லை. "சுரங்கத்துக்குள் போனேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற இரண்டாவது பாடத்தைப் பக்கத்தில் வளர்க்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி அந்த இரண்டாவது பாடத்தை வைத்துக்கொண்டு அமிக்டலாவை அடக்குகிறது. இரண்டில் எது ஜெயிக்கும்? அதைத் தீர்மானிப்பதில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. நாம் எங்கே, எந்தச் சூழலில் இருக்கிறோம் என்று குறித்துவைப்பது அதன் வேலை. 1979இல் பௌட்டன், போல்ஸ் என்ற இருவர் எலிகளிடம் இதைக் காட்டினார்கள். ஒரு கூண்டில் பயத்தைக் கற்ற எலிக்கு வேறொரு கூண்டில் பயம் தெளிய வைத்தார்கள். முதல் கூண்டில் திரும்ப விட்டதும் பயம் வந்துவிட்டது. பயம் எங்கு போனாலும் கூடவே வருகிறது, தைரியமோ கற்ற இடத்திலேயே தங்கிவிடுகிறது. காலை பதினொரு மணிக்குக் காலி ரயிலில் அண்ணன் துணையோடு பத்து முறை போய்ப் பழகிய பெண், திங்கட்கிழமை எட்டரை மணிக் கூட்டத்தில் தனியாக நின்றதும் பழையபடி நடுங்குகிறாள் என்றால் அது அவளுடைய பலவீனம் இல்லை. இரண்டாவது பாடத்துக்கு அந்த எட்டரை மணி ரயில் இன்னும் அறிமுகமாகவில்லை.

என்னை இன்னும் வியக்கவைப்பது, அந்த இரண்டாவது பாடம் பதியும் விதம். வெறுமனே ரயிலில் உட்கார்ந்திருந்தால் பதியாது. எதிர்பார்த்ததும் நடந்ததும் வேறாக இருக்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் மூளைக்குக் கல்வி. ரெஸ்கோர்லா, வாக்னர் என்ற இருவர் 1972இல் இதை ஒரு சிறிய சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள்: வியப்பு எவ்வளவோ, கற்றல் அவ்வளவு. "இறக்கத்தில் நிச்சயம் மயங்கி விழுவேன், நூற்றுக்குத் தொண்ணூறு" என்று நம்பிப் போய், விழாமல் தண்டையார்பேட்டையில் கண் விழித்து நிற்பவருக்கு வியப்பு அதிகம். அவருடைய மூளைக்கு அன்று பெரிய பாடம்.

இதே சமன்பாட்டில் ஒரு திருட்டுவாசலும் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு அடையாளங்கள் இருந்தால், நடந்ததன் பெயர் இரண்டுக்கும் பங்காகப் போகும். கதவோரமாக நிற்பது, தண்ணீர் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொள்வது, பையில் ஒரு மாத்திரை வைத்திருப்பது எல்லாம் இப்படித்தான். "விழவில்லை, ஏனென்றால் பாட்டில் இருந்தது" என்று மூளை கணக்கை முடித்துவிடுகிறது. வியப்பு இல்லை, கல்வியும் இல்லை, பயம் அப்படியே பத்திரமாக இருக்கிறது. லோவிபாண்ட் என்ற ஆய்வாளரின் குழு இதைச் சோதனையில் காட்டியிருக்கிறது.

தாயத்தையும் இங்கேதான் வைத்துப் பார்க்கிறேன். அம்மா பாசத்தில் கட்டியது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மகள் துணிந்து சுரங்கத்துக்குள் போய் வந்த நாளில் பெயர் தாயத்துக்குப் போய்விடுகிறது. அவளுடைய உழைப்பின் கூலியை வேறொன்று வாங்கிக்கொள்கிறது. மந்திரிப்பதையும் கயிறு கட்டுவதையும் நான் எதிர்ப்பதற்கு முதல் காரணம் இதுதான், காசு செலவாவது அப்புறம்.

சரி, யாருக்குப் பலிக்கும்? இந்த இரண்டாவது பாடத்தைக் கற்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதை முன்னாலேயே அளந்துவிடலாமே என்பதுதான் ஆய்வாளர்களின் ஆசை. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஜான் கேப்ரியேலி குழு, நாலு பேர் முன்னால் பேசவே நடுங்கும் சமூகப் பதற்றக் கோளாறு உள்ள 39 பேரின் மூளையைச் சிகிச்சைக்கு முன்பே எஃப்எம்ஆர்ஐ கருவியில் படம் பிடித்தது. கோபமான முகங்களைக் காட்டியபோது பார்வைக்கான உயர்நிலைப் பகுதிகள் யாருக்கு அதிகமாக வேலை செய்தனவோ, அவர்களுக்குச் சிகிச்சை அதிகம் பலித்தது. 2013இல் வெளிவந்த ஆய்வு இது. நோயின் ஆரம்பத் தீவிரத்தை மட்டும் வைத்துச் சொல்வதைவிட, மூளைப் படம் கணிசமாக மேலாகச் சொன்னது. 2016இல் அதே குழுவினர் 38 பேரிடம், ஓய்வாக இருக்கும் மூளையின் இணைப்புகளை வைத்து, யார் தேறுவார்கள் என்பதை 81 சதவீதம் சரியாகப் பிரித்தார்கள்.

படித்ததும் மனம் துள்ளும். எனக்கும் துள்ளியது. ஆனால் 38 பேர் என்பது ஒரு வகுப்பறை. பழைய வினாத்தாளை மனப்பாடம் செய்த மாணவன் அதே கேள்விகள் வந்தால் நூற்றுக்கு நூறு வாங்குவான், கேள்வி மாறினால் தடுமாறுவான். இப்படிக் கணிக்கும் கணினி மாதிரிகளும் அப்படித்தான். 2024இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு மனச்சிதைவு நோய்க்கான மருந்துகளைப் பற்றியது, பேச்சு சிகிச்சையைப் பற்றியது அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றே. ஒரு மருந்துச் சோதனையில் பிரமாதமாகக் கணித்த மாதிரி, வேறொரு சோதனையின் நோயாளிகளிடம் நாணயம் சுண்டிப் போடுவதைவிட மேலாக இல்லை. மரபணுவிலும் இதே அனுபவம். செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் தொடர்பான ஒரு மரபணு வகை உள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சை கூடுதலாகப் பலிக்கிறது என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. அதிகக் குழந்தைகளை வைத்துத் திரும்பப் பார்த்தபோது அது நிற்கவில்லை.

ஆக, உங்கள் தங்கைக்கு எடுத்துப் பார்க்கும்படியான ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. மருத்துவர்கள் அறிந்த பொதுவான அடையாளங்கள் சில உண்டு: மனச்சோர்வும் கூட இருந்தால் முடிவில் மிஞ்சும் தொந்தரவு அதிகம்; வாரத்துக்கு வாரம் கொடுக்கும் பயிற்சியை வீட்டில் செய்பவர்கள் கூடுதலாகத் தேறுகிறார்கள். இவை ஒரு தனி ஆளின் முடிவைச் சொல்லிவிடாது.

ஆனால் சிகிச்சை தொடங்கியபின் கணிப்பு நன்றாக வேலை செய்கிறது. பதற்றத்தை அளக்க ஜிஏடி-7 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. ஒவ்வொரு அமர்வுக்கு முன்பும் அதை நிரப்பச் சொல்கிறார்கள். இதே நிலையில் தொடங்கிய முந்தைய நோயாளிகளின் மதிப்பெண்கள் எப்படி இறங்கின என்ற கோட்டோடு ஒப்பிடுகிறார்கள். யாருடைய எண் இறங்காமல் கோட்டை விட்டு விலகுகிறதோ, சிகிச்சையாளருக்கு உடனே எச்சரிக்கை போகும். அவர் நோயாளியோடு உட்கார்ந்து தடை என்ன என்று பார்ப்பார். இங்கிலாந்தில் 2,233 பேரிடம் இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். தடம் விலகியவர்கள், வழக்கமான சிகிச்சையில் அதே நிலையில் இருந்தவர்களைவிட நல்ல நிலையில் முடித்தார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பொதுவான மனநலக் கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை என்று 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொன்னது. பேச்சு சிகிச்சையின் பலனைக் கணிக்க முயன்றதாக மேலே சொன்ன ஆய்வுகளோ வெளிநாடுகளில் நடந்தவை. ஆராய்ச்சிப் பணம் கிடைத்தால் அதை நான் இன்னொரு ஸ்கேன் கருவிக்குக் கொடுக்க மாட்டேன். வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகரை உட்காரவைத்து, அந்த ஏழு கேள்விகளைத் தமிழில் வாராவாரம் கேட்டு எழுதிவைக்கக் கொடுப்பேன். ஐந்து வருடத்தில் நம் ஆட்களுக்கான கோடு நம்மிடமே இருக்கும். யார் தேறமாட்டார்கள் என்று கணித்து வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்கு அந்தக் கோட்டைப் பயன்படுத்தக் கூடாது. தடுமாறுபவரை நாலாவது வாரத்திலேயே கண்டுபிடித்துக் கை கொடுப்பதற்குத்தான் அது வேண்டும்.

திருவொற்றியூர் அண்ணனுக்கு: தங்கை தொடங்கட்டும். முதல் சந்திப்பிலேயே, மதிப்பெண் வாராவாரம் எழுதிவைப்பீர்களா, இறங்காவிட்டால் என்ன மாற்றுவீர்கள் என்று சிகிச்சையாளரிடம் கேளுங்கள். நேரில் போக முடியாத வாரங்களில் அரசின் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சிகிச்சையாளர் சொல்லும் நாளில் நீங்கள் துணைக்கு ரயில் ஏறுவீர்கள். அப்போது புதுவண்ணாரப்பேட்டையில் கதவு மூடுவதற்கு முன், "மயங்கி விழுவேன் என்று நூற்றுக்கு எவ்வளவு தோன்றுகிறது?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டையில் இறங்கியதும், நடந்தது என்ன என்று பக்கத்திலேயே அவளை எழுதச் சொல்லுங்கள். சில வாரம் கழித்து தண்ணீர் பாட்டில் வீட்டில் இருக்கட்டும். அதற்கு அடுத்த வாரம் நீங்கள் அடுத்த பெட்டியில் ஏறுங்கள்.